அப்பா வெட்டித் தரும் பேத்தை மீனைச் சாப்பிடலாமா?

மட்டக்களப்பு, படுவான்கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 34. கணவர், ஏழு வயது மகன், அம்மா, அப்பா எல்லாரும் ஒரே வளவில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. சின்ன வயதிலேயே வீச்சுவலை தூக்கியவர், இன்றும் விடியப்புறம் தோணியில் வாவிக்குப் போய்வருகிறார். முன்பு பேத்தை அகப்பட்டால் எடுத்து எறிந்துவிடுவாராம். எப்போதாவது கூட்டாளிமாரோடு சமைத்துத் தின்பதோடு சரி. 2022இல் சாமான் விலை ஏறியதிலிருந்து நல்ல மீனையெல்லாம் விற்றுவிட்டு, விலைபோகாத பேத்தையை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார். அதை வெட்டும்போது வேறு யாரையும் கத்தி தொட விடமாட்டார். குடலையும் பித்தையும் எடுத்துவிட்டு ஏழு தண்ணீரில் கழுவித் தருவார். சினையை மட்டும் எறியமாட்டார், அது பேரனுக்கு.

போன மாதம் ஒரு நாள் அந்தச் சினையை மகனுக்கென்று ஒரு கோப்பையில் எடுத்து வைத்திருக்கிறார். வகுப்புக்குப் போன பிள்ளை வரச் சுணங்கியதால் அப்பாவே அதைத் தின்றுவிட்டார். அரை மணித்தியாலத்தில் உதட்டில் எறும்பு ஊர்வது போல் இருந்ததாம். வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று வாய் கொப்பளித்திருக்கிறார். பிறகு விரல் நுனி மரத்தது. கிணற்றடிக்கு எழும்பிப் போனவருக்குக் கால் பின்னியது, சத்தி எடுத்தார், பேச்சுக் குழறியது. பக்கத்து வீட்டார் அவர் குடித்திருக்கிறார் என்றே நினைத்திருக்கிறார்கள். புளி கரைத்துக் கொடுத்துப் பாயில் படுக்க வைத்தார்கள். இரவு பத்து மணிக்குத் தெளிந்துவிட்டார், விடிய எழும்பி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "பித்து உடைஞ்சு சதையில பட்டிட்டுது, அவ்வளவுதான்" என்கிறாராம்.

சகோதரி கேட்பது இவை. ஒழுங்காகத் துப்புரவு செய்தால் சாப்பிடலாமா? மஞ்சளும் புளியும் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் நஞ்சு போகும் என்பது மெய்யா? இத்தனை வருடம் தின்றவருக்கு உடம்பு பழகியிருக்கும்தானே? திரும்பவும் இப்படி நடந்தால் என்ன செய்வது? கணவரின் தம்பி தோலை உரித்துப் பேத்தையில் கருவாடு போட்டு வைத்திருக்கிறாரே, அதையாவது தின்னலாமா? கடைசியாக ஒரு வரி: "அப்பாட கைக்குத்தான் நாங்க வளர்ந்த. இதச் சொன்னா அவர்ட மனசு உடைஞ்சிரும் டொக்டர்."

*

தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் அந்தக் கோப்பை வரும் இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளை நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களும் யோசித்திருப்பீர்கள். அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன்: பேத்தையைச் சாப்பிட வேண்டாம். சதையும் வேண்டாம், சினையும் வேண்டாம், ஆணமும் வேண்டாம், கருவாடும் வேண்டாம். ஏன் என்பதை விரிவாக எழுதுகிறேன். காரணம் விளங்கினால்தான் அப்பாவிடம் பேச உங்களுக்கு வாய் வரும்.

உங்கள் வீட்டுக்கு வரும் மீன் எது

முதுகு சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், அதில் அரிசி கொட்டினாற்போல் வெள்ளைப் புள்ளிகள், வயிறு தூய வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் பட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். செலோனொடொன் பட்டோக்கா என்று விலங்கியலில் பெயர் பெற்ற பேத்தையின் அடையாளம் இது. ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண் வரை வளரும். கிழக்கு ஆபிரிக்காக் கரையிலிருந்து அவுஸ்திரேலியா வரை, கடலும் ஆறும் கலக்கும் இடங்களில் வாழ்வது. கண்டல் வேர்களுக்கிடையே, சேற்றுக் களப்புகளில், ஆற்று வாயில்களில் கூட்டமாகத் திரியும். நண்டு, இறால், சிப்பி, மட்டி இவைதான் அதன் தீன். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடல் ஏறி இறங்கும் நம்முடைய வாவி அதற்கு வாய்த்த இடம்.

கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். செதில் இல்லை. வயிற்றைத் தடவினால் மணல் கடதாசி போல் சுரசுரக்கும், அவை சின்னச் சின்ன முட்கள். வயிற்றுக்குக் கீழே மற்ற மீன்களுக்கு இருக்கும் சோடிச் செட்டை இதற்கு இல்லை. வாயைப் பிரித்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பல், கிளியின் சொண்டு போல ஒட்டி நிற்கும். நண்டின் ஓட்டை நொறுக்கும் பல் அது. தங்கூசி வலையை அறுக்கும், கவனமில்லாமல் பிடித்தால் விரலையும் பதம் பார்க்கும். பயந்தால் தண்ணீரை விழுங்கிப் பந்தாக ஊதும். கரையில் போட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கும். பிள்ளைகள் அதைக் காலால் உருட்டி விளையாடுவார்கள். தொடுவதால் நஞ்சு ஏறாது, பயப்பட வேண்டாம். ஆனால் தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

கடலில் கரைவலையில் வரும் பேத்தைகள் வேறு இனங்கள். அவற்றில் ஒன்று கன்னமும் பக்கமும் வெள்ளி போல் மின்ன, முதுகில் கரும்புள்ளிகளோடு ஒரு மீற்றர் நீளம் வரை வளரும். சுயஸ் கால்வாய் வழியாக அது மத்தியதரைக் கடலுக்குள்ளும் புகுந்துவிட்டது. 2003இல் துருக்கிக் கரையில் முதலில் கண்டார்கள், இப்போது அங்குள்ள மீனவர்களுக்குப் பெரும் தலையிடி. அந்த இனத்தில் சதையே நஞ்சு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோலை உரித்துத் தலையை வெட்டிய பிறகு எந்தப் பேத்தை எது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கருவாடாகிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

நஞ்சு பித்தில் இல்லை

அப்பாவின் கைத்திறமையை நான் குறை சொல்லவில்லை. குடலைக் கிழியாமல் எடுப்பது, பித்தை உடையாமல் நறுக்குவது எல்லாம் ஐம்பது வருடம் பழகிய கைக்கு மட்டும் வருவது. ஆனால் அவர் தேடி எடுப்பது வேறு, நஞ்சு இருக்கும் இடம் வேறு. பேத்தையின் நஞ்சுக்கு டெட்ரோடொடொக்சின் என்று பெயர். 1909இல் ஜப்பானிய விஞ்ஞானி தஹாரா வைத்த பெயர் அது. ஈரலிலும் சினையிலும்தான் அது மிக அதிகம். குடலிலும் தோலிலும் உண்டு. சில இனங்களில் சதையிலும் உண்டு. அப்பா எறிகிற குடல் சரி. அவர் பேரனுக்கென்று எடுத்து வைக்கும் சினைதான் அந்த மீனிலேயே மோசமான பகுதி. முட்டை வைக்கும் காலத்தில் அது இன்னும் கூடும்.

இந்த நஞ்சை மீன் தானாகச் செய்வதில்லை. கடலிலும் சேற்றிலும் இருக்கும் சில பக்டீரியாக்கள் செய்வது. தின்னும் சிப்பி, நத்தை வழியாக மீனின் உடம்பில் சேர்கிறது. நஞ்சில்லாத தீன் மட்டும் போட்டுத் தொட்டியில் வளர்த்த பேத்தையில் நஞ்சு இருப்பதில்லை என்று ஜப்பானில் கண்டிருக்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்? ஒரே இனம், ஒரே அளவு, ஒரே வலையில் வந்த இரண்டு மீனில் ஒன்று ஒன்றும் செய்யாது, மற்றது ஆளைக் கொல்லும். இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். நிறத்திலோ மணத்திலோ ருசியிலோ எந்த வித்தியாசமும் தெரியாது. அப்பாவின் கண்ணுக்குத் தெரியாதது என்றில்லை, எந்த மனிதக் கண்ணுக்கும் தெரியாது.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா விடியப்புறம் பிடித்த மீன் தோணியின் அடியில் வெயில் ஏறும்வரை கிடக்கும். செத்த மீனின் ஈரலிலிருந்தும் தோலிலிருந்தும் நஞ்சு மெல்ல மெல்லச் சதைக்குள் ஊறும். உறைய வைத்து எடுத்தாலும் அதே கதை. வீட்டுக்கு வந்து எவ்வளவு பக்குவமாகக் குடலை எடுத்தாலும், ஊறியது ஊறியதுதான்.

கொதியும் புளியும்

சூடு இந்த நஞ்சை ஒன்றும் செய்யாது. அவித்தாலும் பொரித்தாலும் நெருப்பில் சுட்டாலும் நிற்கும். வெயிலில் காய வைத்தாலும், உப்புப் போட்டாலும் நிற்கும். ஆகவே கருவாட்டுக்கும் இதே பதில். புளி விடயத்தில் நாங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கிறது. இலேசான புளிப்புத் தண்ணீரில் இந்த நஞ்சு நன்றாகக் கரையும், கரைந்து கெடாமலும் இருக்கும். மீனிலிருந்து இறங்கி ஆணத்துக்குள் போகும். "பிள்ளைக்கு மீன் வைக்கல்ல, சோத்துக்கு ஆணம் மட்டும் விட்ட" என்று ஒரு தாய் சொன்னால் அது பாதுகாப்பு இல்லை.

மஞ்சளுக்கு நம்முடைய சமையலில் எத்தனையோ குணம் உண்டு. இந்த நஞ்சை முறிக்கும் குணம் இல்லை. காகம் கொத்தினதா, பூனை தின்றதா என்று பார்த்துச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். பூனை தின்ற துண்டு வேறு, உங்கள் கோப்பையில் விழும் துண்டு வேறு.

பழகிய உடம்பு

பாம்பு விசத்துக்கோ கள்ளுக்கோ உடம்பு பழகுவதாகச் சொல்வார்களே, அதுபோல இதற்குப் பழக்கம் கிடையாது. 1975இல் ஜப்பானில் பாண்டோ மிட்சுகோரோ என்ற புகழ்பெற்ற கபுகி நாடக நடிகர் கியோட்டோவில் ஓர் உணவகத்தில் பேத்தை ஈரலை நான்கு பேரின் பங்கு கேட்டு வாங்கித் தின்றார். தன்னை அது ஒன்றும் செய்யாது என்று நம்பியவர். அந்த இரவைத் தாண்டவில்லை. அனுமதிப்பத்திரம் பெற்ற சமையற்காரர்கள் மட்டுமே பேத்தை வெட்டும் நாடு அது. அங்கேயே 1983இலிருந்து ஈரலை உணவகங்களில் பரிமாறத் தடை.

அப்பா இவ்வளவு காலம் தப்பியதற்கு நான் காணும் காரணம் எளிமையானது. முன்பு எப்போதாவது தின்றார், இப்போது கிழமைக்குக் கிழமை தின்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் தின்றது அந்தந்த மீனில் இருந்த நஞ்சின் அளவு. போன மாதம் ஒரு மீனில் அது கூடிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். இனி வரும் மீனில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வளர்ந்த ஓர் ஆளைக் கொல்ல இந்த நஞ்சு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில சீனி மணிகளின் எடை. ஏழு வயதுப் பிள்ளை உங்கள் அப்பாவின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருப்பானா? அப்பாவைப் பாயில் படுக்க வைத்த அதே சினை அந்தப் பிள்ளையை என்ன செய்திருக்கும் என்பதை இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

அன்று அப்பாவுக்கு நடந்தது

நம்முடைய நரம்புகளில் சோடியம் உள்ளே போகச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் நரம்பில் செய்தி ஓடும். இந்த நஞ்சு அந்த வாசலில் முளை அடித்தாற்போல் போய் அடைத்துக்கொள்ளும். மீனின் வாசல் வேறு அமைப்பு, அதனால் மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. நமக்கு முதலில் உணர்ச்சி நரம்பு மரக்கும்: உதடு, நாக்கு, முகம், விரல் நுனி. அப்புறம் கை கால் சோரும், பேச்சுக் குழறும். மூன்றாவது படியில் உடம்பு முழுவதும் துவண்டு மூச்சுத் தசை சோரும். நான்காவதில் மூச்சு நின்று, இரத்த அழுத்தம் விழும். அப்பா அன்று இரண்டாவது படியில் நின்றிருக்கிறார். மூன்றாவதுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது இன்னும் ஒரு கரண்டிச் சினையாக இருக்கலாம்.

1774இல் கப்டன் குக் நியூ கலிடோனியாத் தீவில் நின்றபோது, அவரும் கூட இருந்தவர்களும் பேத்தையின் ஈரலையும் சினையையும் கொஞ்சம் ருசி பார்த்தார்கள். விடியச் சாமத்தில் கை கால் மரத்துப்போய், தண்ணீர் நிறைந்த குவளையும் ஓர் இறகும் கையில் ஒரே பாரமாகத் தெரிந்தன என்று குக் எழுதி வைத்திருக்கிறார். குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது. 250 வருடத்துக்கு முந்திய அந்தக் குறிப்பில் இருப்பதும் உங்கள் கிணற்றடியில் நடந்ததும் ஒன்றுதான்.

நான் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். மூச்சு இயந்திரத்தில் இருந்தார். கண் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கண்மணி சுருங்கவில்லை. சொந்தக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று, ஆள் முடிந்தது என்று நினைத்து, வீட்டில் பந்தல் போடுவதைப் பற்றிக் கதைத்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் விரல் அசைந்தது. குழாயை எடுத்த பிறகு அவர் சொன்ன முதல் விடயம், அந்தப் பந்தல் கதை முழுவதும் தனக்குக் கேட்டது என்பதுதான். இந்த நஞ்சில் நினைவு கடைசிவரை தெளிவாக இருக்கலாம். ஆகவே நோயாளியின் காதருகே நல்ல வார்த்தை பேசுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அம்புலன்ஸ் வருது, மூச்சுக்கு மிசின் இருக்கு, விடமாட்டோம்" என்று சொல்லுங்கள்.

உதடு மரத்தால் உடனே செய்ய வேண்டியவை

இதை மாத்திரம் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பேத்தையை விட்டுவிட்டாலும் ஒட்டுங்கள், பக்கத்து வளவுக்கு உதவும்.

மரப்புத் தொடங்கிய மணியைக் குறியுங்கள். பெரும்பாலும் தின்று பத்து நிமிடத்திலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்குள் தொடங்கும், சில வேளை சில மணித்தியாலம் சுணங்கும். அது தொடங்கினால் "பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழையுங்கள், சுவ செரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வரச் சுணங்கும் என்று தெரிந்தால் கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு போகவேண்டாம், சோர்ந்தால் விழுந்துவிடுவார்.

புளித்தண்ணீர், இளநீர், பால், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். விழுங்கும் தசை சோர்ந்தவருக்கு வாயில் விடும் தண்ணீர் நெஞ்சுக்குள் போகும். அன்று நீங்கள் கரைத்துக் கொடுத்த புளி அப்பாவைக் காப்பாற்றவில்லை, தங்கச்சி. அது அவரைத் தொந்தரவு செய்யாமல் போனதுதான் அதிட்டம். விரலை விட்டுச் சத்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். தானாகச் சத்தி எடுத்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்க வேண்டாம். தனியே தூங்க விடாதீர்கள். மூச்சுச் சோர்வதும் நித்திரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

வழியில் மூச்சு நின்றுவிட்டால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஐந்தாறு நொடிக்கு ஒரு தரம், வைத்தியசாலை வாசல் வரை. நாடி இல்லையென்றால் நெஞ்சையும் அமுக்க வேண்டும். 1990இல் கதைப்பவர் எப்படியென்று சொல்லித் தருவார். அந்த மீனைத் தின்ற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒன்றும் இல்லை என்று சொல்பவரையும். மிச்ச மீனையோ எறிந்த தலையையோ ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் போனில் படம் எடுங்கள். அவசரப் பிரிவில் முதல் வாக்கியமே "பேத்தை தின்றவர்" என்பதாக இருக்கட்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பாரிசவாதம் என்றோ குடி என்றோ நினைத்து நேரம் போகும்.

இந்த நஞ்சுக்கு முறிப்பு மருந்து இல்லை. ஆனால் அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். நேரத்தோடு வந்தால் கரித்தூள் மருந்து கொடுத்து வயிற்றில் மிஞ்சியதைக் கட்டலாம். மூச்சுச் சோர்ந்தால் இயந்திரம் மூச்சு விடும். உடம்பு நஞ்சைத் தானே சிறுநீரில் கழிக்கும். முதல் 24 மணித்தியாலத்தைத் தாண்டியவர் பெரும்பாலும் பிழைப்பார், ஒரு குறையும் இல்லாமல் நடந்து வீட்டுக்குப் போவார். பங்களாதேசில் 2008இல் மூன்று இடங்களில் பேத்தை தின்று 141 பேர் வைத்தியசாலைக்கு வந்தார்கள், 17 பேர் இறந்தார்கள். இறப்பவர்கள் மூச்சு நின்று இறக்கிறார்கள். மூச்சை மட்டும் யாராவது பிடித்து வைத்திருந்தால் இருப்பார்கள். படுவான்கரைக்காரருக்கு முன்பு பாதை என்ற படகில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. 2014இல் மண்முனைத்துறையில் பாலம் வந்துவிட்டது. அந்தப் பாலம் இருக்கும்போது பாயில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கொடுப்பதும் விற்பதும்

அயலுக்கு ஒரு கோப்பை ஆணம் கொடுப்பது நம்முடைய வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் இந்த மீனில் அதைச் செய்யக் கூடாது. விற்பது இன்னும் வேறு. உண்ணத் தகாத, உடலுக்குக் கேடு செய்யும் உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பறிமுதல் செய்து வழக்குப் போடலாம். உங்கள் கணவரின் தம்பிக்கு இதைச் சொல்லி வையுங்கள். யாரோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அந்தக் கருவாட்டைத் தின்னும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கனமாக இருந்தது. அவர் பேத்தையைக் கொண்டுவருவது அறியாமையால் மட்டும் இல்லை. நல்ல மீனை விற்றால் அரிசி வாங்கலாம், விற்க முடியாததை வீட்டுக்குக் கொண்டு வந்தால் பிள்ளைகளுக்கு மீன் கிடைக்கும் என்ற கணக்கு அது. சினையைப் பேரனுக்கு எடுத்து வைத்தது பாசம். அப்படிப்பட்டவரிடம் "உங்களுக்கு மீன் வெட்டத் தெரியாது" என்று தொடங்கினால் கதவு அந்த இடத்திலேயே மூடிவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள், கணவர் முன்னாலும் வேண்டாம். மாமனார் மருமகன் நடுவில் அது மானப் பிரச்சினையாகும். பின்னேரம் அவர் வலை பொத்தும்போது பக்கத்தில் இருந்து, அன்று உதடு எப்படி இருந்தது, விரல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் வாயாலேயே வரட்டும். பிறகு அந்தச் சினை யாருக்கு வைத்தது என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவரே யோசிப்பார். பித்துத்தான் காரணம் என்று நின்றால், "சினையிலதான் நஞ்சு கூட என்று டொக்டர் எழுதியிருக்கிறார்" என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கோபம் என் மேல் படட்டும்.

அவர் விடுவார் என்றால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கோப்பை வெறுமையாகும். விற்கும் ஓராவிலும் மணலையிலும் ஒரு பிடியைப் பேரனுக்கென்று நிறுத்துங்கள். காசு குறையும், தெரியும். முட்டையும் பயறும் அந்தப் பிள்ளைக்குச் சினையின் சத்தைத் தரும். உங்கள் வளவில் நாலு கோழி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே.

அப்பாவை ஒரு முறை கூட்டிக்கொண்டு வாருங்கள். நஞ்சு இந்நேரம் உடம்பில் இல்லை, அதற்காக இல்லை. 66 வயதில் திடீரென்று பேச்சுக் குழறியவரின் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்க்காமல் விடக் கூடாது. அடுத்த முறை அவருக்கு முகம் கோணி ஒரு பக்கக் கை தளர்ந்தால் அது பேத்தை இல்லாமல் பாரிசவாதமாகவும் இருக்கலாம். பேத்தையில் மரப்பு உதட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் பரவும். பாரிசவாதம் பெரும்பாலும் ஒரு பக்கம். எதுவானாலும் அழைக்கும் இலக்கம் 1990தான்.

வீட்டில் இருக்கும் அந்தக் கருவாட்டைக் குப்பையில் போடாதீர்கள், நாயும் கோழியும் கிளறும். வாவியிலும் எறிய வேண்டாம். வேலியோரம் இரண்டு முழம் தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள்.